ஆறு வயசு ஏசியை மாற்றினோம், பதினோரு வயசு ஏசியை வைத்துக்கொண்டோம்: கீழக்கரை வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கீழக்கரையில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மாடி வீடு அது. இரண்டு ஏசி. மாடியில் மகனும் மருமகளும் படுக்கும் அறையில் 2019-இல் வாங்கிய ஒன்றரை டன் இன்வெர்ட்டர். கீழே வீட்டுக்காரரின் உம்மா (அம்மா) இருக்கும் அறையில் 2014-இல் வாங்கிய ஒன்றரை டன் சாதாரண ஸ்பிளிட். 2025 செப்டம்பர் கடைசியில் இரண்டும் ஒரே வாரத்தில் மக்கர் செய்தன. மாடியில் குளிர் வரவில்லை. கீழே ஏசி உறுமிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது.

வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். என்னை அழைக்கும்போதே அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "தம்பி, கீழ இருக்கறதுக்குப் பதினோரு வருசம் ஆச்சு, அதைத் தூக்கிடுவோம். மாடியில இருக்கறது புதுசு, அதுக்குக் கேஸ் மட்டும் அடிச்சுக் குடுங்க. ஜிஎஸ்டி வேற குறைஞ்சிருக்கு, இப்ப வாங்கினாத்தான் லாபம்."

ஜிஎஸ்டி குறைந்தது உண்மை. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு 28 சதவீதம் இருந்தது 18 ஆனது. 40,000 ரூபாய் மெஷினில் சுமார் 3,000 ரூபாய் குறையும். ஆனால் கடைசியில் நடந்தது காக்கா நினைத்ததற்கு நேர்மாறு. மாடி மெஷினை மாற்றினோம். கீழ் மெஷின் 1,500 ரூபாய்க்குள் சரியாகி இன்றும் ஓடுகிறது. ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்பதை முழுதாக எழுதுகிறேன். இராமநாதபுரம் கரையோரத்தில் ஏசி வேலை பார்ப்பவன் நான். எங்கள் ஊர்களில் இந்தக் கேள்வியைத் தப்பான இடத்தில் நின்று கேட்பதால்தான் ஜனங்களின் பணம் வீணாகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டு கணக்குகள் எல்லோருக்கும் தெரியும். பத்து வருஷம் தாண்டிய ஏசியை மாற்று என்பது ஒன்று. பழுதுச் செலவு புதுசின் விலையில் பாதிக்குமேல் போனால் மாற்று, இல்லாவிட்டால் சரிசெய் என்பது இன்னொன்று. மதுரையிலோ திருச்சியிலோ இவை ஓரளவு சரிப்பட்டு வரும். இந்த வீட்டில் இரண்டுமே தப்பான பதிலைத்தான் கொடுத்தன.

மாடி மெஷின்

முதலில் பழைய பில்களைக் கேட்டேன். 2023-இல் ஒரு தடவையும், 2024-இல் இரண்டு தடவையும் கேஸ் நிரப்பியிருக்கிறார்கள். மூன்று பில்லிலும் 'கேஸ் சார்ஜிங்' என்று மட்டும் இருந்தது. எங்கே ஒழுகியது, ஓட்டையை அடைத்தார்களா, எத்தனை கிராம் போட்டார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. வந்தவர்கள் யார் என்று நான் கேட்கவில்லை.

இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. ஏசியில் கேஸ் செலவாவதில்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் நிரப்புகிறவர் அடுத்த கோடைக்கும் தனக்கு ஒரு வேலையை விட்டுவிட்டுப் போகிறார். காக்கா கொடுத்த மூன்று பில்லையும் கூட்டினால் 8,000 ரூபாயைத் தாண்டியது. அந்தப் பணத்துக்கு அவருக்குக் கிடைத்தது சில மாதக் குளிர் மட்டுமே. இது எனக்குக் கோபம் வரவழைக்கிற விஷயம், மறைக்க விரும்பவில்லை.

மெஷினை ஓடவிட்டுப் பார்த்தேன். அறைக் காற்று உள்ளே போகும் இடத்துக்கும் குளிர்காற்று வெளியே வரும் இடத்துக்கும் வெப்ப வித்தியாசம் 4 டிகிரிதான். நல்ல மெஷினில் இது 8 முதல் 12 டிகிரி வரை இருக்கும். வெளியே நிற்கும் பெட்டியான அவுட்டோரில் மெல்லிய குழாய் சேரும் வால்வில் உறைபனி படிந்திருந்தது. கேஸ் குறைவுக்கு இது தெளிவான அடையாளம். கிளாம்ப் மீட்டரில் ஐந்தரை ஆம்பியர். அதாவது மணிக்கு ஒன்றேகால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக. இன்வெர்ட்டர் என்றால் அறை குளிர்ந்ததும் வேகத்தைக் குறைக்க வேண்டும். இது ராத்திரி முழுக்க வேகம் குறையாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்தது ஓட்டை தேடும் வேலை. அவுட்டோரில் உள்ள இரண்டு வால்வையும் மூடினால் அவுட்டோர் தனியாகவும், குழாயும் இண்டோரும் சேர்ந்து தனியாகவும் பிரிந்துவிடும். இண்டோர் பக்கத்தில் நைட்ரஜனை 400 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வரை ஏற்றி மீட்டரை மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலை 393 காட்டியது. வெயில் நேரத்தில் ஏற்றிய அழுத்தம் விடியற்காலையில் ஏழெட்டு பிஎஸ்ஐ இறங்குவது சூட்டு வித்தியாசத்தால்தான், அதை ஒழுக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆக, இண்டோர் நன்றாக இருக்கிறது, சுவருக்குள் போகும் குழாயும் நன்றாக இருக்கிறது. மிச்சமிருந்த கேஸை மீட்பு சிலிண்டரில் இறக்கிவிட்டு, வால்வைத் திறந்து அவுட்டோரையும் சேர்த்து நைட்ரஜன் ஏற்றியபோது ஒரு மணி நேரத்தில் முள் இறங்க ஆரம்பித்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அழுத்தச் சோதனைக்கு நைட்ரஜன்தான் ஏற்ற வேண்டும். வெல்டிங் செட்டில் இருக்கும் ஆக்ஸிஜனை ஏற்றினால் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். உங்கள் வீட்டு மாடியில் யாராவது அப்படிச் செய்யப் பார்த்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சோப்பு நுரை தடவிப் பார்த்ததில், அவுட்டோரில் சூட்டை வெளியேற்றும் காயிலின் ஓரத் தகட்டில், செம்புக் குழாய் தகட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் இரண்டு இடங்களில் குமிழி வந்தது. குழாயை இணைக்கும் ஃப்ளேர் நட்டுகளில் ஒன்றும் இல்லை. நட்டில் ஒழுகியிருந்தால் இருபது நிமிஷ வேலை. ஓரத் தகட்டில் ஒழுகுவது வேறு கதை. அந்தத் தகடு துத்தநாகப் பூச்சு போட்ட இரும்பு. பூச்சு போய்த் துரு ஏறி, ஓட்டைகளின் விளிம்பு கூராகி, மெஷின் அதிரும்போதெல்லாம் செம்புக் குழாயை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டு இடத்தில் ஒழுகுகிறது என்றால் மற்ற இடங்களும் தயாராக இருக்கின்றன என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

காயிலின் அலுமினியத் தகடுகளான ஃபின்னை நகத்தால் தொட்டேன். கடல் பார்த்த பக்கத்தில் கீழ்ப்பாதி முழுக்க அப்பளம் போல நொறுங்கி வெள்ளைப் பொடியாக விரலில் ஒட்டியது. மேல்பாதியில் நீலப் பூச்சு இன்னும் தெரிந்தது. காயில் என்பது செம்புக் குழாயில் அலுமினியத் தகடுகளைக் கோத்து வைத்திருப்பது. இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும். அதில் செம்பு தப்பிக்கும், அலுமினியம் கரையும். முதலில் போவது குழாயைத் தகடு பிடித்திருக்கும் அந்தப் பிடிமானம். பிடிமானம் போன பிறகு குழாயில் ஓட்டையே இல்லாவிட்டாலும் சூடு வெளியே போக வழியில்லை. அதனால்தான் கடைசித் தடவை கேஸ் நிரப்பிய பிறகும் "முன்ன மாதிரி இல்ல தம்பி" என்று காக்கா சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது சரி. கேஸ் நிறைந்திருந்தது, காயில் செத்திருந்தது.

எதனால் ஆறே வருஷத்தில்?

அவுட்டோர் இருந்தது மொட்டைமாடியின் தென்மேற்கு மூலையில், கைப்பிடிச் சுவருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு. கீழக்கரை மன்னார் வளைகுடாவைப் பார்த்த ஊர். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று அள்ளிக்கொண்டு வரும் உப்புச் சாரல் நேராக வந்து மோதும் இடம் அந்த மூலை. 2019-இல் ஏசி மாட்டியவர் குழாய் நீளம் குறையும், செலவு மிச்சம் என்று அங்கே வைத்திருக்கிறார். படுக்கையறைச் சுவருக்கு நேர் மேலே இருப்பது அந்த மூலைதான்.

இந்தக் கரையின் உப்பைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் மிகைப்படுத்துவதாக நினைப்பார்கள். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்க நிலையம் அமைத்தது மண்டபம் முகாமில். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தியதற்கு அரிப்பு ஒரு முக்கியக் காரணம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் தேவைப்பட்டன. ரயில்வே பாலத்துக்கே இந்தப் பாடு என்றால், காகித கனத்தில் இருக்கும் அலுமினியத் தகட்டை அதே காற்றில் வெறுமனே நிறுத்திவைத்தால் என்ன ஆகும்?

இன்னொரு காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. காக்கா சுத்தத்தில் கவனமானவர். மாதம் ஒருமுறை ஹோஸ் பைப் வைத்து அவுட்டோரைக் கழுவிவிடுவாராம். எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். போர் தண்ணீர். அந்தத் தெருவில் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. காற்று கொண்டுவரும் உப்பைக் கழுவுகிறேன் என்று கிணற்று உப்பை ஃபின் இடுக்குகளில் ஊற்றிக் காயவைத்திருக்கிறார்கள். கழுவ வேண்டும் என்பது சரி. ஆனால் அது காவிரிக் குடிநீராகவோ பிடித்துவைத்த மழைத்தண்ணீராகவோ இருக்க வேண்டும், அழுத்தம் இல்லாமல் மேலிருந்து கீழாக ஊற்ற வேண்டும். குடிக்கிற தண்ணீரை ஏசிக்கு ஊற்றுவதா என்று மனசு கேட்காது, எனக்கும் புரிகிறது, இந்த மாவட்டத்தில் தண்ணீரின் அருமை தெரியாதவர் யார். ஒரு வாளி போதும். அதுவும் முடியாத மாதம் கழுவாமல் விட்டுவிடுங்கள், போர் தண்ணீருக்கு அது மேல்.

சரிசெய்வதா, மாற்றுவதா

இப்போது கணக்கு. காயில் மட்டும் மாற்றினால் கம்பெனி காயிலுக்கு 10,000 ரூபாய்க்குப் பக்கம், ஆர்32 கேஸ், வாக்குவம், பற்றவைப்பு, கூலி என்று இன்னொரு 4,000 அல்லது 5,000. ஆகமொத்தம் 15,000. புது ஐந்து நட்சத்திர ஒன்றரை டன் மெஷின் மாட்டும் செலவோடு 48,000 வரும். பாதிக் கணக்குப்படி பார்த்தால் 15,000 என்பது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, சரிசெய்துவிடு என்றுதான் பதில் வரும். காக்காவும் அதைத்தான் சொன்னார். "பதினஞ்சாயிரத்துல முடியுதுல்ல தம்பி, முடிச்சிருங்க."

நான் ஒரு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, பிசிபி பெட்டியைத் திறந்து பார்த்தேன். இன்வெர்ட்டர் மெஷினில் கம்ப்ரஸரை ஓட்டும் எலக்ட்ரானிக் போர்டு அவுட்டோருக்குள்தான் இருக்கிறது. திருகாணிகள் நான்கில் மூன்று தலை உடைந்துதான் வந்தன. உள்ளே போர்டின் சூட்டை இறக்கும் ஹீட் சிங்க் வெளுத்துப் பொரிந்திருந்தது. ரிலேயின் கால்கள் பச்சை பூத்திருந்தன. ஒரு டெர்மினலைச் சுற்றிக் கருத்த தடம், ஏற்கெனவே ஒருமுறை பொறி அடித்திருக்கிறது. மூலையில் பல்லி முட்டை ஓடுகள் இரண்டு. பல்லி போர்டில் ஓடி ஷார்ட் ஆவது எங்கள் பக்கம் மாதம் ஒன்றாவது பார்க்கிற வேலை. இந்த போர்டு அதிகம் போனால் ஒரு கோடை தாங்கும். புது போர்டு விலை 9,000-க்குக் குறையாது. அடித்தட்டைத் தட்டினேன், துரு சில்லு சில்லாக உதிர்ந்தது. கம்ப்ரஸரைத் தாங்கி நிற்கும் தட்டு அது.

முடிவு மாறியது இந்த இடத்தில்தான். போர்டும் அடித்தட்டும் சுத்தமாக இருந்திருந்தால் காயிலை மாற்றி, அவுட்டோரை இடம் மாற்றி வைத்து, அந்த மெஷினையே இன்னும் ஐந்து வருஷம் ஓட்டச் சொல்லியிருப்பேன். கம்ப்ரஸரில் ஒரு குறையும் இல்லை, இண்டோர் புதுசு மாதிரி இருந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரிந்த செலவு 15,000, கண்ணுக்கு முன்னால் நிற்கும் செலவு இன்னும் 9,000, இடம் மாற்றக் குழாயும் ஸ்டாண்டும் 6,000. இந்த 30,000 ரூபாயைப் போட்ட பிறகும் துருத் தட்டின் மேல் நிற்கும் ஆறு வயசு அவுட்டோர்தான் மிச்சம்.

"கம்ப்ரஸருக்குப் பத்து வருச வாரண்டி இருக்கே?" என்று மகன் கேட்டார். நியாயமான கேள்வி. கடையில் விற்கும்போது பெரிசாகச் சொல்வது அதைத்தான். பெரும்பாலான கம்பெனிகளின் அட்டையில் பத்து வருஷம் என்பது கம்ப்ரஸருக்கு மட்டும். காயிலுக்கு அவ்வளவு கிடையாது, கேஸும் கூலியும் அதில் சேராது, கடற்கரை உப்பு அரிப்பை விலக்கு என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும் அட்டைகளும் உண்டு. எங்கள் கரையில் கம்ப்ரஸர் தானாகச் சாவது அபூர்வம். காயில் முதலில் போகும், அப்புறம் போர்டு. காயில் கெட்டுச் சூடு வெளியே போகாமல் அழுத்தம் ஏறித்தான் கம்ப்ரஸர் கடைசியாகப் போகும். ஆக, சாகாத உறுப்புக்குத்தான் நமக்கு நீளமான வாரண்டி. ஏசி வாங்கப் போகிற மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி ஆட்களிடம் நான் சொல்வது, காயிலுக்கு எத்தனை வருஷம் என்று முதலில் கேளுங்கள், அதை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

கரண்ட் பில் கணக்கில் ஒரு தந்திரம்

புது மெஷின் வாங்கினால் கரண்ட் மிச்சமாகும் என்று எல்லாக் கடையிலும் சொல்கிறார்கள். இந்த வீட்டிலும் சொல்லியிருந்தார்கள், இரண்டு மாத பில்லில் 3,000 ரூபாய் குறையும் என்று. அந்தக் கணக்கு வருவது எப்படி? நோயில் கிடக்கும் பழைய மெஷினையும் ஆரோக்கியமான புது மெஷினையும் ஒப்பிட்டால் அவ்வளவு வரத்தான் செய்யும். ராத்திரிக்கு 9 மணி நேரத்தில் பழையது 11 யூனிட் எடுத்தது, புதுசு 5 யூனிட்தான் எடுக்கும். ஆனால் நம் முன்னால் இருக்கும் தேர்வு அதுவல்ல. சரிசெய்த பழசுக்கும் புதுசுக்கும் நடுவில்தான் தேர்வு.

அப்படிப் பார்த்தால் எண்கள் சுருங்கும். 2019 மெஷினின் லேபிளில் ஐஎஸ்இஇஆர் (மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் எண், கூடினால் நல்லது) 3.7, அன்றைக்கு அது மூன்று நட்சத்திரம். 2022 ஜூலையில் வந்த அட்டவணைப்படி அதே எண்ணுக்கு இரண்டு நட்சத்திரம்தான். 2025-இல் ஐந்து நட்சத்திரத்துக்கு 5.0 வேண்டியிருந்தது. மாடி அறை மொட்டைமாடிக்கு நேர் கீழே இருப்பதால் வருஷத்தில் 250 ராத்திரியாவது ஏசி ஓடுகிறது. சரியான நிலையில் பழையது மணிக்கு 0.7 யூனிட், புதுசு 0.5 யூனிட் என்று வைத்தால் வருஷத்துக்கு 450 யூனிட் வித்தியாசம். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டியதும் யூனிட் விலை 8 ரூபாய்க்கு மேல் போகிறது, ஏசி எடுக்கும் யூனிட்டெல்லாம் அந்த உயரத்தில்தான் விழுகின்றன. சுமார் 3,600 ரூபாய் வருஷத்துக்கு. நல்ல தொகைதான், ஆனால் அதை மட்டும் வைத்து 48,000 செலவழிக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. அழுகிய போர்டும் தட்டும் தராசைச் சாய்த்த பிறகு, இது கூடுதல் லாபம், அவ்வளவே.

கீழ் மெஷின்

இது சுருக்கமான கதை. 2014 மெஷினின் அவுட்டோர் வீட்டுக்கு வடபக்கம், பக்கத்து வீட்டுச் சுவருக்கும் இதற்கும் நடுவில் இருக்கும் முடுக்கில், ஒரு சன்ஷேடுக்குக் கீழே இருக்கிறது. தென்மேற்குக் காற்று அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. பதினோரு வருஷம் ஆகியும் ஃபின்கள் நேராக, பூச்சு மங்கியிருந்தாலும் முழுதாக இருந்தன. ஓரத் தகட்டில் லேசான செம்மை மட்டும். அந்த இடத்தில் ஹோஸ் எட்டாது, அதனால் போர் தண்ணீரும் படவில்லை.

உறுமிவிட்டு நின்றதற்குக் காரணம், கம்ப்ரஸர் கிளம்ப உதவும் கெப்பாசிட்டர். 45 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தது, மீட்டரில் 28 காட்டியது, தலை உப்பியிருந்தது. புதுசு மாட்டியதும் கம்ப்ரஸர் ஒரே மூச்சில் கிளம்பியது. ஏழரை ஆம்பியர், உறிஞ்சு பக்க அழுத்தம் 65 பிஎஸ்ஐ. ஆர்22 என்ற பழைய வகைக் கேஸில் ஓடும் மெஷினுக்கு இதைவிட நல்ல எண் கிடைக்காது. விசிறி மோட்டாரைச் சுத்தம் செய்து, வயர் முனைகளைப் புதுசாக அடித்து, கூலியோடு 1,400 ரூபாய்.

"ஆர்22 கேஸ் இனிமே கிடைக்காது, மெஷினைத் தூக்கிப் போடுங்க" என்று கடையில் காக்காவிடம் சொல்லியிருந்தார்கள். பாதி உண்மை. ஆர்22 ஓசோன் படலத்தைக் கெடுப்பது, மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி வளரும் நாடுகள் 2030-க்குள் அதைக் கிட்டத்தட்ட முழுதாகக் கைவிட வேண்டும். வருஷத்துக்கு வருஷம் வரத்து குறைகிறது, விலை ஏறுகிறது. எல்லாம் சரி. ஆனால் இந்த மெஷினில் கேஸ் ஒழுகவே இல்லையே. இல்லாத நோய்க்கு எதற்கு 45,000 ரூபாய் வைத்தியம்?

கரண்ட் கணக்கும் இங்கே உதவாது. உம்மா ஏசி போடுவது லுஹர் (மதியத் தொழுகை) தொழுதுவிட்டுக் கண்ணயரும் இரண்டு மணி நேரம், அதுவும் வெயில் மாதங்களில் மட்டும். வருஷத்துக்கு 300 மணி நேரம்கூட வராது. புது மெஷின் மணிக்கு 0.7 யூனிட் மிச்சப்படுத்தினாலும் 210 யூனிட்தான், 1,700 ரூபாய். போட்ட முதலை எடுக்க 25 வருஷத்துக்கு மேல் ஆகும். எந்த ஏசியும் இந்தக் கரையில் அவ்வளவு காலம் இருக்காது.

புது மெஷினை எங்கே வைத்தோம்

மாடிக்குப் புதுசு வாங்க முடிவான அன்று நான் ஒரு நிபந்தனை வைத்தேன். அவுட்டோர் பழைய மூலைக்குப் போகாது. அங்கேயே வைப்பதானால் மாற்றுவதில் அர்த்தமில்லை, இன்னும் ஆறு வருஷத்தில் இதே வேலையை இதே ஆட்கள் இதே மாடியில் செய்துகொண்டிருப்போம். என்னைக் கேட்டால், எங்கள் ஊர்களில் மெஷினின் வயசை முடிவு செய்வது அது நிற்கும் இடம்தான். பிராண்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள் இடத்தைப் பற்றி ஒரு நிமிஷம் பேசுவதில்லை.

வடக்குச் சுவரில், கீழ் மெஷினுக்கு மேலே, சன்ஷேடு நிழலில் வைத்தோம். குழாய் மூன்று மீட்டரிலிருந்து எட்டு மீட்டராக நீண்டது. கூடுதல் நீளத்துக்குக் கம்பெனிக் கையேட்டில் சொன்ன அளவு கேஸைத் தராசில் நிறுத்துச் சேர்த்தேன், கண்மதிப்பு கூடாது. குழாய்க்கும் வேலைக்கும் கூடுதலாக 4,000-க்குக் கொஞ்சம் மேல். காக்கா முகம் சுளித்தார். மூன்று கேஸ் பில்களின் கூட்டுத்தொகையை எடுத்துக் காட்டினேன், அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

இது கீழக்கரைக்கு, ஏர்வாடிக்கு, பெரியபட்டினத்துக்குச் சரி. தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டிப் பக்கம் கடல் கிழக்கே இருக்கிறது, வாடைக்காற்று மாதங்களில்தான் அங்கே உப்புச் சாரல். அங்கே வடக்கு, கிழக்குச் சுவர்களைத் தவிர்த்து மேற்கே நிழல் செய்து வைக்க வேண்டும். பாம்பன், தங்கச்சிமடம், இராமேஸ்வரத்தில் இரண்டு பக்கமும் கடல். அங்கே காற்று மறைவு என்பது வீட்டுக்கு வீடு மாறும், முற்றமோ முடுக்கோ இருந்தால் அதுதான் இடம். மறைவு தேடும்போது விசிறிக் காற்று முட்டித் திரும்பி வராதபடி முன்னால் இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்புக்குத் தப்பிச் சூட்டில் மாட்டிக்கொள்ளும்.

மெஷின் தேர்வில் ஒரே ஒரு பிடிவாதம்தான். செம்புக் குழாயில் பூச்சுப் போட்ட ஃபின். மைக்ரோசேனல் என்று வரும் முழு அலுமினியக் காயில் ஓட்டை விழுந்தால் இங்கே இருக்கிற வசதியில் அடைக்க முடியாது, செம்பு என்றால் பற்றவைத்துவிடலாம். ஐந்து நட்சத்திரம் எடுத்தோம், மூன்று நட்சத்திரத்துக்கும் அதற்கும் இருந்த 7,000 ரூபாய் வித்தியாசம் இவர்கள் ஓட்டுகிற மணிக்கணக்குக்கு மூன்றரை வருஷத்துக்குள் திரும்பிவிடும். மாட்டுவதற்கு முன்பே காயிலில் அரிப்புத் தடுப்புப் பூச்சு அடித்தேன். இதைப் புதுசில்தான் அடிக்க வேண்டும். பொரிந்த ஃபின்மேல் அடித்தால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியது மாதிரி ஆகிவிடும்.

ஸ்டாண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய ஆங்கிள் ஸ்டாண்டைக் கழற்றும்போது சுவரில் பதித்த போல்ட் ஒன்று கையோடு வந்துவிட்டது. முப்பது கிலோவுக்கு மேல் எடை உள்ள பெட்டி தெருவில் போகிற பிள்ளைகளின் தலைக்கு மேலே அப்படி நின்றிருக்கிறது. கடலோரத்தில் சாதாரண பெயின்ட் அடித்த ஆங்கிளை வைக்கவே கூடாது. சூட்டுத் துத்தநாகக் குளியல் கொடுத்ததையோ எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) 316 தரத்தையோ கேட்டு வாங்குங்கள். 304 தரமும் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் புள்ளி புள்ளியாகத் துரு விடும். ஏசி குளிர்கிறதோ இல்லையோ, வருஷம் ஒருமுறை போல்ட்டைத் தட்டிப் பாருங்கள்.

பழைய மாடி மெஷினில் மீட்டெடுத்த கேஸைப் பத்திரப்படுத்தினேன். பழைய இரும்புக் கடையில் முதல் வேலையாகக் குழாயை வெட்டிக் கேஸைக் காற்றில் விடுவார்கள். ஆர்32 ஒரு கிலோ வெளியேறினால் 675 கிலோ கரியமில வாயு விட்டதற்குச் சமம், தவிர அது லேசாகத் தீப்பற்றும் வகை. 2022-ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளில் ஏசியும் அடக்கம். புது மெஷின் வாங்கிய கடையிலேயே மாற்றில் கொடுத்துவிட்டார் காக்கா. அவர்கள் எடுத்துக்கொண்டதாக ரசீதில் எழுதி வாங்கச் சொன்னேன்.

தை மாதம் போய்ப் பார்த்தேன். மாடி மெஷின் 9 டிகிரி வித்தியாசம் கொடுக்கிறது, ராத்திரிக்கு நாலரை யூனிட். ஃபின்னில் மெல்லிய உப்புப் படலம், ஒரு வாளி காவிரித் தண்ணீரில் போய்விட்டது. கீழ் மெஷின் அதே ஏழரை ஆம்பியர்.

கீழ் மெஷினுக்கும் ஒரு நாள் வரும். அது எந்த நாள் என்பதைக் காக்காவோடு இப்போதே பேசிவைத்திருக்கிறேன். கெப்பாசிட்டர், விசிறி மோட்டார், ரிமோட் போர்டு போனால் மாற்றிக்கொண்டு ஓட்டலாம். காயிலிலோ கம்ப்ரஸரிலோ கைவைக்கும்படி வந்தால், ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் விடைகொடுப்பது. காரணம், அதைத் திறந்து மூடினால் ஆர்22 முழுதாக நிரப்ப வேண்டும், கேஸ் விலைக்கும் காயில் விலைக்கும் அந்த வயசு மெஷின் தகுதியில்லை. அன்றைக்கு யாராவது வந்து, ஆர்22 இல்லாவிட்டால் என்ன, ஆர்32 அடித்துக் கொடுக்கிறேன் என்று சொன்னால் சம்மதிக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். ஆர்32-இன் அழுத்தம் ஆர்22-ஐப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். பழைய காயிலும் பழைய கம்ப்ரஸரும் அதற்குச் செய்தவை அல்ல, உம்மா தூங்குகிற அறைச் சுவருக்கு வெளியேதான் அந்த மெஷின் இருக்கிறது.